குளக்கட்டில் இரண்டு நாட்கள்

விடுமுறை என்றதும் எம்மவர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது நுவரெலியாதான். ஒரு வான் நிறையச் சொந்தக்காரர்கள், பின்னால் சோற்றுச் சட்டி, கோழிக்கறிச் சட்டி, தண்ணீர்ப் போத்தல்கள். வழியில் ஏழெட்டு இடங்களில் நிறுத்தி, இறங்கி, படம் பிடித்து, மீண்டும் ஏறி, நள்ளிரவு கடந்து வீடு வந்து சேரும்போது பிள்ளைகள் தூங்கிப் போயிருப்பார்கள். வீட்டுப் பெண்களுக்கு மட்டும் தூக்கம் கிடையாது. கழுவ வேண்டிய சட்டிகள் குசினியில் காத்துக்கொண்டிருக்கும். என்ன பார்த்தீர்கள் என்று மறுநாள் யாராவது கேட்டால், எந்த இடத்தில் சாப்பிட்டோம் என்பதுதான் ஞாபகத்தில் இருக்கும்.

இதைவிட மலிவான, களைப்பில்லாத ஒரு விடுமுறை உண்டு. கிராமத்துச் சொந்தக்காரர் வீடொன்றுக்குப் போய், அருகிலுள்ள ஒரு குளத்தையோ வயலையோ கடற்கரையையோ தேர்ந்தெடுத்து, அங்கேயே ஆறுதலாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் சகோதரிகளுக்காகவே, புத்தளம் மாவட்டத்தில் ஒரு ஜனவரி மாதச் சனி, ஞாயிறில் நாங்கள் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஆனை விழுந்த குளம்

கொழும்பு–புத்தளம் வீதியில் சிலாபத்தைத் தாண்டி வடக்கே போனால், பங்கதெனிய, ஆராச்சிக்கட்டுவ ஆகிய ஊர்களுக்கு அடுத்ததாக வருகிறது ஆனைவிழுந்தான். ஆனை விழுந்த இடம் என்ற பொருள் தரும் இந்தத் தமிழ்ப் பெயரைத்தான் சிங்களத்தில் ஆனவிழுந்தாவ என்கிறார்கள். புத்தளம் புகையிரதப் பாதையில் இதே பெயரில் ஒரு சிறு நிலையமும் இருக்கிறது. பிரதான வீதியில் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தென்னந்தோட்டங்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. மேற்கே கடலை நோக்கித் திரும்பிச் சற்றுத் தூரம் உள்ளே போனால்தான், ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்த பழைய குளங்கள் கண்ணில் படும்.

இவை 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகின்றன. குளங்களுக்கு அப்பால் சதுப்பு நிலம், அதற்கும் அப்பால் கண்டல் காடு, பிறகு ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய், அதன் பின் கடல். நன்னீரும் உவர்நீரும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதனால்தான் பறவைகளும் இங்கே இவ்வளவு கூடுகின்றன. 1,397 ஹெக்டேயர் பரப்புள்ள இந்தச் சரணாலயம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2001இல் சேர்க்கப்பட்டது. தென் மாகாணத்தின் புந்தலவுக்கு அடுத்தபடியாக, இலங்கையிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்ற இரண்டாவது ஈரநிலம் இதுவே.

என் ராத்தா வாழ்க்கைப்பட்ட ஊர் இங்கிருந்து வாகனத்தில் அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவே போய்ச் சேர்ந்துவிட்டோம். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று ராத்தா இடியப்பத்துக்கு மாக் குழைக்க ஆயத்தமானபோது, அவருடைய மாமி தடுத்துவிட்டார். “காலையில குருவி பாக்கப் போற புள்ளைகளுக்கு இடியப்பம் எதுக்கு மகள்? கஞ்சி ஒன்டு காச்சிக் குடுத்து அனுப்புங்க. நீங்களும் போங்க. குசினி எங்கயும் ஓடிப் போகாது” என்றார். எழுபதைத் தாண்டிய அந்த மாமியின் தீர்ப்பினால், கலியாணமாகி இருபது வருடத்தில் முதல் தடவையாகத் தன் ஊர்க் குளத்தைப் பார்க்க ராத்தாவும் எங்களோடு கிளம்பினார்.

வாப்பா அடைகாக்கும் பறவை

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். நாங்கள் குளக்கட்டில் ஏறியபோது கிழக்கு வெளுத்திருந்தது. தண்ணீரின் மேல் மெல்லிய பனி. தாமரை இலைகளும் அல்லி இலைகளும் கரையோரத்தை மூடியிருந்தன. முதலில் எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. யாரோ விசிலடிப்பதுபோல் ஒரு கூட்டம் தலைக்கு மேலே பறந்து போனது. அவை மரத்தாராக்கள். இரவில் இரை தேடிவிட்டுப் பகலில் தண்ணீரில் ஓய்வெடுக்க வருபவை. விசில் சத்தம் சிறகிலிருந்து வருகிறது என்று மச்சான் நினைத்திருந்தார். உண்மையில் அது தொண்டையிலிருந்து வருவது.

பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தோம். அதன் பிறகுதான் குளம் எங்களுக்குத் தன்னைக் காட்டத் தொடங்கியது. கம்புகள் என்று நினைத்தவை சாம்பல் நாரைகளாக மாறின. மண்கட்டி என்று நினைத்தது குருட்டுக் கொக்கு. அது பறக்கும்போது மட்டும்தான் வெள்ளைச் சிறகு தெரியும். இறங்கி அமர்ந்துவிட்டால் மீண்டும் மண்கட்டிதான்.

பட்டுப்போன ஒரு மரத்தில் நீர்க்காகங்கள் வரிசையாக இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு நின்றன. “உம்மா, அதுங்க ஏன் உடுப்புக் காயப் போட்டிருக்கு?” என்று இளையவன் கேட்டான். அவன் கேட்டதில் பிழையேயில்லை. தாராக்களைப் போல் நீர்க்காகத்தின் இறகுகள் தண்ணீரை முழுதாக ஒட்டாமல் தடுப்பதில்லை. இறகு நனைவதனால்தான் அதனால் இலேசாக நீருக்குள் மூழ்கி மீனைத் துரத்த முடிகிறது. மேலே வந்த பிறகு காய வைக்க வேண்டியதுதான்.

கறுப்பு வெள்ளை மீன்கொத்தியொன்று தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் நின்று சிறகடித்தது. பிறகு கல் விழுவதுபோல் விழுந்தது. மூன்று தடவை வெறும் வாயோடு எழும்பியது. நான்காவது தடவை மீன் அகப்பட்டது. எங்கள் பிள்ளைகள் கைதட்ட எழுந்தார்கள். நாங்கள் பிடித்து இருத்திவிட்டோம்.

நத்தைகொத்தி நாரையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அதன் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் இடையில், வாயை மூடினாலும் மூடாத ஓர் இடைவெளி இருக்கும். நோய் வந்த பறவை என்று நினைத்துவிடுவோம். வழுக்கும் நத்தை ஓட்டைப் பிடித்து, உள்ளேயிருக்கும் சதையை இழுத்தெடுக்க அந்த வளைந்த அலகு உதவுகிறது. வயலில் நெற்பயிரைத் தின்னும் நத்தைகளையும் இவை தேடித் தின்பதால் விவசாயிக்குச் சம்பளமில்லாத வேலைக்காரர்கள்.

பெண்கள் எங்கள் எல்லோரையும் அதிக நேரம் இருத்தி வைத்தது தாமரைக் கோழிதான். இதை இலைக்கோழி என்றும் சொல்வார்கள். உடம்புக்குப் பொருந்தாத நீண்ட விரல்கள் அதற்கு. பாரம் பரவலாகப் பகிரப்படுவதால் மிதக்கும் இலையின் மேல் மூழ்காமல் நடந்து போகும். அதைவிட ஆச்சரியம் அதன் குடும்ப வாழ்க்கை. நீண்ட வாலுள்ள தாமரைக் கோழி இனத்தில் பெண்பறவை உருவில் பெரியது. அது முட்டையிட்டதோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். மிதக்கும் தழைகளின் மேல் நான்கு முட்டைகளையும் அடைகாப்பதும், குஞ்சுகளை வளர்த்தெடுப்பதும் ஆண்பறவையின் பொறுப்பு. இதை நான் சொன்னதும் ராத்தா மச்சானைத் திரும்பிப் பார்த்தார். மச்சான் குளத்தின் அடுத்த கரையில் ஏதோ அவசரமாகத் தேடத் தொடங்கினார்.

ஒரு குளத்தின் மிச்சம் அடுத்த குளத்தின் செல்வம்

வெயில் ஏறியதும் பறவைகள் அடங்கின. அப்போதுதான் குளங்களின் அமைப்பைக் கவனித்தோம். மேலேயிருக்கும் குளம் நிரம்பியதும் வான் பாய்ந்து, அந்த நீர் கீழேயுள்ள குளத்துக்குப் போகிறது. அது நிரம்பினால் அதற்கும் கீழே. ஒரு குளத்தின் கீழ் வயலுக்குப் பாய்ந்து வடியும் நீரும் வீணாவதில்லை. அடுத்த குளம் அதை ஏந்திக்கொள்கிறது. ஒரே மழையை இப்படிப் பல தடவை பயன்படுத்தினார்கள் நம் நாட்டின் உலர் வலயத்து மக்கள்.

இத்தகைய தொடர்குளங்களில் மரமும் புல்லும்கூடக் கணக்கோடுதான் விடப்பட்டிருக்கும். குளத்தின் மேற்புறத்திலுள்ள மரங்கள் காற்றை மறித்து, நீர் ஆவியாவதைக் குறைக்கும். நீர் உள்ளே வரும் வாயிலிலுள்ள புல், மண்ணை வடித்து நிறுத்தும். கட்டுக்கும் வயலுக்கும் இடையில் வளரும் மரஞ்செடிகள் கசிந்து வரும் நீரின் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். இலங்கை உலர் வலயத்தின் இந்தக் குளத்தொடர் முறையை, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவம் கொண்ட விவசாய மரபுரிமைகளில் ஒன்றாக 2017இல் ஏற்றுக்கொண்டது.

இந்த முறைக்கு உயிர் கொடுப்பது ஒரேயொரு விதிதான். மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனை நினைத்துக்கொள்ள வேண்டும். மேற்குளத்துக்காரன் வானை உயர்த்தி நீரை மறித்தாலும், அழுக்கைக் கலந்தாலும் கீழே உள்ள வயல்கள் எல்லாம் அதன் பலனை அனுபவிக்கும். எண்ணூறு வருடங்களாக இந்தக் குளங்கள் இருப்பதென்றால், அத்தனை தலைமுறைகளும் ஏதோ ஓர் அளவுக்கு அந்த விதியைக் காப்பாற்றி வந்திருக்கின்றன என்றுதானே பொருள்?

தாய்மரத்தில் முளைக்கும் பிள்ளை

பகலில் வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டு, அஸருக்குப் பிறகு மீண்டும் புறப்பட்டோம். இம்முறை குளங்களைத் தாண்டி மேற்கே, கண்டல் காட்டின் ஓரத்துக்கு. மாமியும் வந்தார்.

கண்டல் என்பது உவர்நீரில் வாழப் பழகிய மரங்களின் கூட்டம். அங்கே ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு தந்திரம் வைத்திருக்கிறது. கண்டல் மரம் தண்டிலிருந்து வளைந்த வேர்களை இறக்கிப் பல கால்களில் நிற்கிறது. கண்ணா மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்களைக் குத்தி வைத்ததுபோல் நூற்றுக்கணக்கான வேர்கள் மேல்நோக்கி நிற்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் அவற்றினால்தான் மூச்சு வாங்குகிறது. உடம்பில் சேரும் உப்பை அது இலை வழியாக வெளியேற்றும். மூத்தவள் ஓர் இலையைத் தடவி நாக்கில் வைத்துப் பார்த்து, “உப்புத்தான்!” என்று கத்தினாள்.

எங்கள் எல்லோரையும் நெகிழ வைத்தது கண்டல் மரத்தின் பிள்ளை வளர்ப்பு. மற்ற மரங்களின் விதை நிலத்தில் விழுந்துதான் முளைக்கும். உவர்ச் சேற்றில் விழுந்த விதை பிழைப்பது கடினம். அதனால் கண்டலின் விதை தாய்மரத்தில் தொங்கிக்கொண்டே முளைவிட்டு, முருங்கைக்காயைப் போல் நீண்டு வளர்கிறது. தனியே நிற்கும் வலிமை வந்த பிறகுதான் தாய் அதைக் கைவிடுகிறது. விழுந்த இடத்திலேயே வேர் பிடிக்கும், அல்லது நீரில் மிதந்து போய் வேறொரு கரையில் குடியேறும். “பெண்புள்ளய கெட்டிக் குடுக்கிற மாதிரித்தான்” என்றார் மாமி.

கீழே சேற்றில் ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள் அந்தக் கையை ஆட்டி ஆட்டி அழைத்தன. ஆண் நண்டுக்குத்தான் அந்தப் பெரிய கை. சேற்றில் துள்ளி நடக்கும் மீன்களையும் கண்டோம். நீருக்கு வெளியிலும் நெடுநேரம் இருக்கக்கூடியவை அவை. வேர்களுக்கிடையில், நகத்தளவு இறால் குஞ்சுகள் கண்ணாடித் துண்டுகள்போல் மின்னின.

இந்தக் குஞ்சுகள்தான் நம் குசினிக்கு வரும் இறால். தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் அலையோடு களப்புக்குள் வந்து, கண்டல் வேர்களின் மறைவில் உண்டு வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. மீன்கள் பலவற்றுக்கும் இதே தொட்டில்தான்.

வற்றிய தொட்டிகள் சொல்லும் கதை

திரும்பும் வழியில், மாமி வாகனத்தை நிறுத்தச் சொல்லி ஒரு வெளியைக் காட்டினார். சதுரம் சதுரமாக மண்கட்டுகள். நடுவில் வெடித்த தரை, அங்கங்கே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு பறவையும் இல்லை. “இதெல்லாம் நான் வந்த காலத்துல காடு. பகல்லயே இருட்டா இரிக்கும். விறகுக்கு வந்தா நண்டும் புடிச்சிட்டுப் போவோம்” என்றார்.

அவை கைவிடப்பட்ட இறால் தொட்டிகள். 1980களில் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இறால் வளர்ப்பு வேகமாகப் பரவியது. ஏற்றுமதி இறாலுக்கு நல்ல விலை இருந்ததால் பலரும் இதில் இறங்கினார்கள். கண்டல் காடுகளும் உவர்ச் சதுப்புகளும் வெட்டப்பட்டுத் தொட்டிகளாயின. பண்ணைகள் பல, ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் அதனோடு சேர்ந்த களப்புகளிலிருந்தும் நீரை எடுத்தன. கழிவு நீரையும் அதிலேயே விட்டன. ஒருவர் வெளியேற்றியதை அடுத்தவர் உள்ளே இழுத்தார். 1980களின் இறுதியில் ஒரு தடவையும், 1996இல் வெண்புள்ளி நோயாகப் பெருமளவிலும் தொற்று வந்தபோது, அது அந்த நீர்வழியே பண்ணைக்குப் பண்ணை பரவியது. கடன்பட்டுத் தொட்டி வெட்டிய சிறியவர்கள் நொடித்துப் போனார்கள். தொட்டிகள் கைவிடப்பட்டன. உப்பேறிய நிலத்தில் தென்னையும் வராது, நெல்லும் வராது.

காலையில் பார்த்த குளங்களையும் மாலையில் பார்த்த தொட்டிகளையும் மனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் மண்கட்டினால் ஆனவை. இரண்டிலும் நீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறது. குளம் தன்னிடம் மிஞ்சிய நல்ல நீரை அடுத்தவருக்குக் கொடுத்தது, எண்ணூறு வருடம் நிலைத்தது. தொட்டி தன் அழுக்கை அடுத்தவருக்குக் கொடுத்தது, பல இடங்களில் இருபது வருடம்கூடத் தாங்கவில்லை. இறால் வளர்ப்பு இன்றும் இந்த மாவட்டத்தில் பல குடும்பங்களின் தொழில். அதை நான் குறை சொல்ல வரவில்லை. நீரைக் கவனித்து, கண்டலை வெட்டாமல் செய்கிற தொழிலுக்குத்தான் ஆயுள் உண்டு என்பதை இந்த மண்ணே எழுதி வைத்திருக்கிறது.

பாடம் எல்லோருக்கும் ஏறிவிட்டதாகவும் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்டில், இந்தச் சரணாலயத்தின் உள்ளேயே டோசர் இயந்திரத்தினால் கண்டல் காட்டின் ஒரு பகுதி அழிக்கப்பட்டது நாடெங்கும் செய்தியானது. இறால் பண்ணைக்காகவே அது அழிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது.

ஆறுதலான செய்தியும் இருக்கிறது. சுனாமிக்குப் பின்னர் நாடெங்கும் கண்டல் கன்றுகள் நடப்பட்டன. 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டும், 200 ஹெக்டேயர் அளவில்தான் பிழைத்தன என ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தார்கள். பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டுவிட்டு, பிறகு திரும்பிப் பார்க்காததே காரணம். இப்போது வேறு வழியில் போகிறார்கள். கைவிடப்பட்ட தொட்டிகளின் கட்டுகளை உடைத்து, வாய்க்கால் வெட்டி, உவர்நீர் இயல்பாக வந்துபோக வழி திறந்து விடுகிறார்கள். நீர் வந்தால் விதையும் மிதந்து வருகிறது. மீதியைக் கண்டலே பார்த்துக்கொள்கிறது. ஆனைவிழுந்தானிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை, உலகுக்கு முன்மாதிரியான மறுசீரமைப்புப் பணிகளில் ஒன்றாக ஐக்கிய நாடுகள் சபை 2024 பெப்ரவரியில் அறிவித்தது.

இதில் பெண்களின் பங்கு பெரிது. சிலாபத்துக்கு அருகே பம்பலவில் இயங்கும் சிறு மீனவர் சம்மேளனம், 2015இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், கண்டலைக் காக்கும் பொறுப்பை ஏற்கும் கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறு கடனும் கொடுக்க முன்வந்தது. 15,000 பெண்களைச் சேர்ப்பது அதன் இலக்காக இருந்தது. விறகுக்கும் மீனுக்கும் கண்டலை நம்பியிருப்பது கரையோரத்துப் பெண்கள்தான், ஆகவே அதைக் காக்கவும் அவர்களால்தான் முடியும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

ஆறுமணிக் குருவி

ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகவில்லை. ராத்தாவின் வளவே போதுமாக இருந்தது. விடியும் நேரத்தில் வேலியோரப் பற்றையிலிருந்து இரண்டு தட்டுகளாக ஒரு கூவல் கேட்டது. மணிக்கூட்டைப் பார்த்தேன், ஆறு தாண்டிச் சில நிமிடம். ஆறுமணிக் குருவி! காலையும் மாலையும் இந்த நேரத்தில் கூவுவதால் வந்த பெயர். பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு, சிவப்பு எல்லாம் ஒரே உடம்பில் வைத்திருக்கும் இந்தச் சிறு பறவை, மாரி காலத்தில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி இங்கே வருகிறது. காய்ந்த சருகுகளைப் புரட்டிப் புழு பொறுக்கும். “இது ஒவ்வொரு வருஷமும் இந்த வேலிக்குத்தான் வரும். சருகைக் கூட்டி எரிக்காதீங்கன்னு நான் சொல்றது அதுக்குத்தான்” என்றார் மாமி. வளவைக் கண்ணாடிபோல் கூட்டி வைப்பதே நல்ல குடும்பப் பெண்ணின் அடையாளம் என்று வளர்ந்த எங்களுக்கு, வேலியோரத்தில் கொஞ்சம் சருகு கிடந்தால் ஒரு விருந்தாளிக்குச் சோறு என்பது புதிய செய்தி.

கிணற்றடியில் சாய்ந்து நின்ற தென்னையின் ஓலைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. சில பாதியில் நின்றிருந்தன. ஆண்குருவி பாதிக் கூட்டைப் பின்னிவிட்டுப் பெண்குருவியை அழைக்கும். அது உள்ளே போய்ப் பார்த்து, பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். பிடிக்காவிட்டால் ஆண்குருவி வேறு கூடு தொடங்க வேண்டியதுதான். இளையவன் ஓலைக் கீற்றுகளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அதே முடிச்சைப் போடப் பார்த்தான். முடியவில்லை. “கை இல்லாம எப்படிப் பின்னுது?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தான். பாடசாலைப் புத்தகம் ஒரு மாதத்தில் உண்டாக்காத கேள்வி அது.

அந்தக் கிணற்றில் நான் குடித்த நீர் சற்றுக் கரித்தது. முன்பு இப்படி இல்லை என்றார் ராத்தா. சமையலுக்கும் குடிக்கவும் வேறிடத்திலிருந்து தண்ணீர் கொண்டு வருகிறார்கள். கரையோரத்தில் நீரும் நிலமும் கெட்டால் முதலில் குடம் தூக்குவது ஆணல்ல. சூழல் பாதுகாப்பு என்பது படித்தவர்களின் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கும் சகோதரிகள், இந்தக் குடத்தின் பாரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

போக விரும்புவோருக்கு

நவம்பரிலிருந்து மார்ச் வரை வெளிநாட்டுப் பறவைகளும் வந்திருக்கும் காலம். மழை கடுமையாக இருந்தால் தாழ்ந்த இடங்களில் வெள்ளம் நிற்கும், விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். விடிந்து இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்திய இரண்டு மணி நேரமும்தான் பார்க்க நல்லது. பகலில் பறவையும் இல்லை, நிழலும் இல்லை.

பளிச்சென்ற நிற உடுப்புகளைத் தவிர்த்து, மங்கலான நிறங்களை உடுத்துங்கள். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. பொறுமைதான் முக்கியம். ஓரிடத்தில் பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் பறவைகள் உங்களை மறந்துவிடும். கைத்தொலைபேசியில் பாட்டுப் போடாதீர்கள்.

குளங்களில் முதலைகள் உண்டு. பிள்ளைகளைக் குளிக்கவோ, கரையில் கால் நனைக்கவோ விடவேண்டாம். புல்லில் நடக்கும்போது சப்பாத்து அவசியம். குளக்கட்டில் பெண்களுக்கு மலசலகூட வசதியை எதிர்பார்க்க முடியாது. அருகில் தெரிந்த வீடொன்று இருப்பது பெரும் உதவி. அப்படி இல்லாதவர்கள் சிலாபத்தில் தங்கி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் வந்து போகலாம்.

சாப்பாட்டை எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். அவித்த கடலை, வாழைப்பழம், வாழையிலையில் கட்டிய சோறு போதும். கொண்டுபோன போத்தலையும் பையையும் திரும்பக் கொண்டுவர ஒரு பை தனியாக எடுத்துச் செல்லுங்கள். அங்கே விட்டுவரும் பொலித்தீன் அடுத்த மழையில் அடுத்த குளத்துக்குப் போகும், அங்கிருந்து கண்டலுக்கும் களப்புக்கும் போகும். இறால் குஞ்சின் தொட்டிலில் நம் சோற்றுப் பார்சல் உறை கிடக்க நாமே காரணமாகக் கூடாது.

இப்படி ஒரு குளம் ஆனைவிழுந்தானில் மட்டும்தான் இருக்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. அநுராதபுரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கும். மூதூரிலும் கிண்ணியாவிலும் கண்டல் கரை இருக்கும். அக்கரைப்பற்றிலும் நிந்தவூரிலும் வயல்வெளி இருக்கும். அடுத்த பாடசாலை விடுமுறையில் ஒரு காலைப் பொழுதை அங்கே செலவழித்துப் பாருங்கள். வீட்டிலுள்ள மூத்த பெண்களையும் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்லாமல் போனால், இப்போதிருப்பதுதான் எப்போதும் இருந்தது என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.